பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டத்தை விளக்கும் கூடைப்பந்து சேனல் எது? மண்டபம் முதல் தொண்டி வரை உள்ளவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் பி.டி. எழுதியது:

வணக்கம். 14 முதல் 17 வயது வரை பையன்களும் பெண்பிள்ளைகளுமாக 16 பேர். வெட்டவெளி சிமெண்ட் கோர்ட், மாலை 5 முதல் 6.30 வரை பயிற்சி. ஒரு போன், ஒரு பழைய லேப்டாப் இருக்கின்றன. ஹைலைட்ஸ் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என்பதால் எல்லாருக்கும் தூரத்திலிருந்து பின்வாங்கி த்ரீ (மூன்று புள்ளி எறிவு) போட ஆசை. ஸ்கிரீன் வைக்க, அதாவது எதிரணித் தடுப்பாளரின் வழியில் நின்று மறித்துத் தன் அணிக்காரருக்கு வழிவிட, தெரிந்தவர் இரண்டே பேர்.

ஆட்டத்தை நிறுத்தி, "இவர் ஏன் இந்த இடத்தில் நிற்கிறார், பந்து ஏன் அந்தப் பக்கம் போகிறது" என்று விளக்குகிற சேனல் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற பெரிய பையன்களும் அந்த 61 நாள் கரையில்தான் இருப்பார்கள், மாலையில் கோர்ட்டுக்கு வருவார்கள். என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பிளேஆஃப், அதாவது பருவக் கடைசி நாக்-அவுட் ஆட்டங்கள், நடப்பதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான். அதற்குள் ஒரு சேனலைப் பிடித்து ஒழுங்காகத் தொடங்க நினைக்கிறேன். உங்கள் முதல் பரிந்துரை எது, ஏன்?

---

தங்கச்சிமடம் 11 எழுதியது:

மாஸ்டர், யோசிக்காமல் சொல்வேன்: திங்கிங் பேஸ்கட்பால். பென் டெய்லர் நடத்துகிற சேனல். "கிரேட்டஸ்ட் பீக்ஸ்" என்ற தொடரில் பெரிய ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் உச்சப் பருவத்தையும் எடுத்துக்கொண்டு, எதனால் அவர் அணிக்குப் பயன்பட்டார், எங்கே பலவீனம் என்று துண்டு துண்டாகக் காட்டியிருக்கிறார். குரலில் கூச்சல் இருக்காது. படம் நிற்கும், அம்புக்குறி வரும், பந்து இல்லாத ஆளைச் சுற்றி வட்டம் வரும்.

எந்தச் சேனலையும் சோதிக்க மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, படம் எங்கே நிற்கிறது? பந்து ரிங்கில் விழுந்த பிறகு நின்றால் அது கொண்டாட்டம். பந்து கையை விட்டுப் போகும் முன் நின்றால்தான் பாடம். இரண்டாவது, தோற்றுப்போன முயற்சியையும் காட்டுகிறாரா? அதே ஆட்டம் ஐந்து முறை பலித்து மூன்று முறை சொதப்பியதைச் சேர்த்துக் காட்டுபவரை நம்பலாம். மூன்றாவது, பத்துப் பேரும் தெரிகிற அகலக் காட்சியா, முகம் தெரிகிற நெருக்கக் காட்சியா? நெருக்கக் காட்சியில் கூடைப்பந்து கற்க முடியாது. பந்தில்லாப் பக்கம் நிற்கும் மூன்று பேர்தான் பாதி ஆட்டம்.

பிள்ளைகளுக்குப் போடும்போது முழு வீடியோவையும் போடாதீர்கள். 10 முதல் 15 விநாடித் துண்டு ஒன்று போதும். முதல் தடவை ஒலி இல்லாமல். பாஸ் போகும் முன் நிறுத்தி, "இப்போ பந்து எங்கே போகணும்?" என்று கேளுங்கள். மூன்று பேர் பதில் சொல்லட்டும். பிறகு ஓட விடுங்கள். அதற்கப்புறம்தான் ஒலியோடு விளக்கம். விளக்கத்தை முதலிலேயே கேட்டுவிட்டால் கண் வேலை செய்யாது, காது மட்டும்தான் வேலை செய்யும்.

லேப்டாப்பில் யூடியூப் என்றால் கே விசை நிறுத்தும். ஜே 10 விநாடி பின்னால், எல் 10 விநாடி முன்னால். நிறுத்திய நிலையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு சட்டகம் முன்னே போகும், காற்புள்ளி விசைக்குப் பின்னே வரும். கால் வைப்பைக் காட்ட இதை விட்டால் வேறு வழியில்லை. போனில் சட்டகம் சட்டகமாக நகர்த்த முடியாது. வேகத்தை 0.25-க்குக் குறைத்துக்கொள்ளலாம்.

---

தொண்டி விசில் எழுதியது:

11 தம்பி சொன்ன சேனலைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதில் வருவது பெரும்பாலும் என்.பி.ஏ. நம் பிள்ளைகள் ஆடுவது ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் வீடியோ போட்டால் போட்டியில் விசில்தான் விழும். மாஸ்டர் முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்.பி.ஏ.-வில் தடுப்பவருக்கும் மூன்று விநாடி விதி உண்டு. யாரையும் கையெட்டும் தூரத்தில் காக்காமல் பெயிண்டுக்குள், அதாவது ரிங்குக்கு முன்னாலுள்ள கட்டத்துக்குள், மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. 2001-02 பருவத்திலிருந்து இப்படி. ஃபிபாவில் அந்த விதியே இல்லை. உயரமான பிள்ளை ரிங்குக்கு அடியில் ஆட்டம் முழுக்க நிற்கலாம். அதனால் என்.பி.ஏ. வீடியோவில் நடுவில் திறந்து கிடக்கிற பாதை நம் கோர்ட்டில் அடைந்து கிடக்கும். "வீடியோவில் அவர் நேராக உள்ளே போனாரே" என்று பிள்ளை கேட்டால் இதுதான் பதில்.

பந்து ரிங்கைத் தொட்டு மேலே துள்ளிய பிறகு, அது ரிங்குக்கு நேர் மேலே இருந்தாலும் ஃபிபாவில் யார் வேண்டுமானாலும் தட்டலாம். என்.பி.ஏ.-வில் கூடாது. உயரமான பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும், ஏனென்றால் அந்த வீடியோக்களில் பார்க்கவே கிடைக்காது.

டைம்-அவுட் கேட்பது ஃபிபாவில் பயிற்சியாளர் மட்டுமே, மேசையில் கேட்க வேண்டும். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டக்காரர் கையால் டி காட்டினால் ஒன்றும் நடக்காது. ஜம்ப் பால் சூழலில் (இரு அணியினரும் பந்தை ஒருசேரப் பிடித்துக்கொண்டால்) மேசையிலுள்ள அம்புக்குறி எந்தப் பக்கமோ அந்த அணிக்குப் பந்து. ஐந்து ஃபவுலில் வெளியே, அங்கே ஆறு. கால்பகுதி இங்கே 10 நிமிடம், அங்கே 12.

த்ரீ கோடு ஃபிபாவில் 6.75 மீட்டர், மூலையில் 6.60. என்.பி.ஏ.-வில் மேலே 7.24, மூலையில் 6.70. நம் பக்கம் சில பழைய கோர்ட்டுகளில் 2010-க்கு முந்தைய 6.25 மீட்டர் கோடும், கீழே அகன்று மேலே குறுகிய பெயிண்டும் இன்னும் அப்படியே இருக்கும். டேப் வைத்து அளந்து பாருங்கள். அரை மீட்டர் குறைந்த கோட்டில் பழகிய பிள்ளை போட்டியில் முன் ரிங்கிலேயே அடிக்கும்.

---

கீழக்கரை பாயிண்ட் எழுதியது:

விசில் காக்கா (அண்ணன்) சொன்னதுக்கு அப்புறம் சொல்ல என்ன இருக்கு, ஆனாலும் சேனல் விஷயத்துல எனக்கு வேற கருத்து. திங்கிங் பேஸ்கட்பால் ஆட்டம் தெரிஞ்சவங்களுக்கு. 14 வயசுப் பிள்ளைக்கு முதல் படி பிபால்பிரேக்டவுன். கோச் நிக்னு ஒருத்தர் பேசுறது. அவர் ஒரு பயிற்சியாளர் கண்ணோட பாக்குறார்: கால் எங்கே, தோள் எந்தப் பக்கம் திரும்பி இருக்கு, கை எப்போ எழும்பணும். அவர் திட்டுறதையும் கேக்கலாம், "இந்த இடத்துல இவர் தூங்கிட்டார்"ங்கிற மாதிரி. பிள்ளைங்களுக்கு அது ஒட்டும்.

ஹாஃப் கோர்ட் ஹூப்ஸ்னு இன்னொண்ணு. அது முழுக்க செட் பிளே, அதாவது முன்னாடியே திட்டம் போட்டு வச்ச நகர்வு. பயிற்சியாளர் பாக்கலாம், பிள்ளைக்குக் காட்டக் கூடாது. ரெண்டு பேரு சேந்து ஆடத் தெரியாம அஞ்சு பேரு செட் பிளே மனப்பாடம் பண்ணினா, எதிரணி ஒரு அடி தள்ளி நின்னாலே மொத்தமும் நின்னு போகும்.

ஜிம்மி ஹைரோலர், சீக்ரெட் பேஸ் ரெண்டும் நல்ல சேனல்தான், ஆனா புள்ளிவிவரமும் கதையும். வீட்டுல பாக்க. கோர்ட்டுக்கு இல்ல.

---

தங்கச்சிமடம் 11 எழுதியது:

பாயிண்ட் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கோச் நிக் கால் வைப்புக்கு நல்லவர். ஆனால் அவர் ஒரு ஆட்டக்காரரின் தவறைப் பிடிப்பார். டெய்லர் அந்தத் தவறு ஏன் அவசியமாயிற்று என்று நாலு பேரையும் சேர்த்துக் காட்டுவார். மாஸ்டர் கேட்டது "ஏன் இந்த இடத்தில் நிற்கிறார்" என்பதைத்தானே.

---

மண்டபம் பி.டி. எழுதியது:

இரண்டையும் பார்த்தேன். பேச்சு வேகமான ஆங்கிலம், பிள்ளைகளுக்குப் பிடிபடாது. தமிழ் வசனம் தானாக வரும்படி வைத்தால் உதவுமா? இன்னொன்று, டேட்டா. ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி.தான்.

---

ஏர்வாடி ரிபவுண்ட் எழுதியது:

தானியங்கி தமிழ் வசனத்தை நம்ப வேண்டாம் சார். இயந்திரத்துக்குக் கூடைப்பந்து தெரியாது. ஸ்கிரீன் என்றால் திரை, சார்ஜ் என்றால் கட்டணம், பெயிண்ட் என்றால் வண்ணம், டிராவல் என்றால் பயணம், பேங்க் ஷாட்டுக்கு வங்கி என்று போட்டுவிடும். டிராப் என்பது துளியாகும். "பெரியவர் வண்ணத்தில் துளியாக நிற்கிறார்" என்று வந்தால் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்?

ஆங்கில வசனத்தை மட்டும் போட்டுவிட்டு, 0.75 வேகத்தில் ஓட்டுங்கள். அதற்கு முன் 15 சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும். அந்தச் சேனல்களில் திரும்பத் திரும்ப வருவது அவ்வளவுதான். கோர்ட்டில் கூவ வசதியாக இப்படி வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கிரீன், ரோல் (ஸ்கிரீன் வைத்தவர் ரிங் பக்கம் திரும்பி ஓடுவது), பாப் (அவர் வெளிப்பக்கம் விலகி நிற்பது) மூன்றையும் அப்படியே சொல்லலாம், மொழிபெயர்க்க வேண்டாம். வீக் சைடு என்றால் பந்தில்லாப் பக்கம். ஹெல்ப் என்றால் உதவி. குளோஸ்-அவுட் என்றால் "ஏறு": ஓடிப்போய், கடைசி இரண்டு அடியைக் குட்டையாக்கி, ஒரு கையைத் தூக்கி நிற்பது. டேக் என்றால் ரோல் ஆகி வருபவரை உடம்பால் ஒரு கணம் மறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்புவது. அதற்கு "இடி, திரும்பு" என்று கூவலாம். ஸ்விட்ச் என்றால் "மாத்து". பாக்ஸ்-அவுட் (ரிபவுண்டுக்கு வரும் எதிராளியை முதுகால் மறிப்பது) என்றால் "அடை". கூவுகிற சொல் இரண்டு அசைக்குள் இருக்க வேண்டும். "பரிமாறிக்கொள்" என்று கத்தி முடிப்பதற்குள் லே-அப் (ரிங்குக்கு அருகே ஓடிவந்து போடுவது) விழுந்துவிடும்.

---

உச்சிப்புளி லெஃப்டி எழுதியது:

டேட்டா கணக்கு தோராயமாக: 15 நிமிட வீடியோ 360 தரத்தில் 80 முதல் 100 எம்.பி., 720-இல் 250-க்கு மேல். 360-இல் சட்டை எண் தெரியாது, ஆனால் கால் வைப்பும் இடமும் தெரியும். 480 நடுவாந்தரம், லேப்டாப் திரைக்கு அது போதும். தரத்தைத் தானியங்கியில் விடாதீர்கள். டவர் நன்றாக இருக்கும் நேரத்தில் 1080-க்கு ஏறி அரை மணி நேரத்தில் அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும். பதிவிறக்குப் பொத்தான் இருக்கும் வீடியோக்களை இரவே போனில் இறக்கிவைத்துக்கொள்ளலாம்.

ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கத்துப் பிள்ளைகள் போனில் ரோமிங் டேட்டாவை அணைத்துவைக்க வேண்டும். அங்கே இலங்கை டவர் எட்டிப் பிடிக்கும். நெட்வொர்க் தேர்வையும் கையால் நம் நிறுவனத்துக்கு வைத்துவிடுங்கள்.

நேரலை பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு: அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7.30 ஆட்டம் என்றால், நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை நமக்குக் காலை 6 மணி. மற்ற மாதங்களில் காலை 5 மணி. பிளேஆஃப் முழுக்க இந்த 5 மணிக் கணக்குதான்.

பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன் மாஸ்டர். அவர்களுக்கு டபிள்யூ.என்.பி.ஏ. (அமெரிக்கப் பெண்கள் லீக்) துண்டுகளைக் காட்டுங்கள். கால்பகுதி 10 நிமிடம், த்ரீ கோட்டின் வளைவு 6.75 மீட்டர், பந்து 6-ஆம் அளவு. நாம் ஆடுவதும் இதேதான். ரிங்குக்கு மேலே பறந்து முடிக்கிற ஆட்டம் அதில் குறைவு. பாஸ், ஸ்கிரீன், கோணம் இவற்றால்தான் புள்ளி வரும். பையன்களுக்குமே அதுதான் பொருத்தமான பாடம், நம் பள்ளிப் பையன்களில் டங்க் போடுகிறவர் எத்தனை பேர்? தடுப்பு மூன்று விநாடி விதி அங்கேயும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஃபிபாவுக்கே யூடியூபில் சேனல் இருக்கிறது. முழு ஆட்டங்களும் கிடைக்கும். விளக்கம் குறைவு, ஆனால் விதி நம்முடையது. விளக்கத்தை ஒரு சேனலில் கற்று, அதே விஷயத்தை ஃபிபா ஆட்டத்தில் தேடச் சொல்லலாம்.

---

மண்டபம் பி.டி. எழுதியது:

இது நல்ல வழி. 11 தம்பி, ஒரு துண்டை எடுத்துக் கோர்ட் வரை கொண்டுபோவது எப்படி என்று படிப்படியாகச் சொல்ல முடியுமா? பிக் அண்ட் ரோல் (பந்துக்காரருக்கு ஸ்கிரீன் வைத்துவிட்டு ரோல் ஆவது) என்றே வைத்துக்கொள்வோம்.

---

தங்கச்சிமடம் 11 எழுதியது:

சொல்கிறேன். தடுக்கிறவர்கள் பிக் அண்ட் ரோலை என்ன செய்கிறார்கள் என்று அடையாளம் காண்பதுதான் முதல் பாடம். நாலு விதம் தெரிந்தால் பள்ளி ஆட்டத்துக்கு ஏராளம்.

ஸ்கிரீன் வைத்தவரின் தடுப்பாளர் பின்வாங்கிப் பெயிண்ட் விளிம்பில் நின்றால் டிராப். வெளியே வந்து பந்துக்காரரை ஒரு கணம் மறித்துவிட்டுத் திரும்பினால் ஹெட்ஜ். இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால் ஸ்விட்ச். இருவருமே பந்துக்காரர் மேல் விழுந்தால் பொறி (ஆங்கிலத்தில் trap, மேலே சொன்ன டிராப் வேறு).

ஒவ்வொன்றுக்கும் திறக்கிற இடம் வேறு. டிராப் என்றால் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நின்று எறிய இடம் கிடைக்கும். ஹெட்ஜ் என்றால் ரோல் ஆகிறவருக்கு முன்னால் காலியிடம். ஸ்விட்ச் என்றால் குட்டையானவர் உயரமானவரைக் காக்க நேரும், பந்து உள்ளே போக வேண்டும். பொறி என்றால் மீதி மூன்று பேரை இரண்டு பேர்தான் காக்கிறார்கள், முதல் பாஸ் உடனே போக வேண்டும். திங்கிங் பேஸ்கட்பாலில் ஏதாவது ஒரு பாயிண்ட் கார்டு பற்றிய வீடியோவை எடுத்தால் இந்த நாலில் குறைந்தது மூன்று வரும். பிள்ளைகள் பெயரை மட்டும் கூவட்டும். ஐந்து துண்டு, ஐந்து முறை நிறுத்தம், 8 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

உடனே கோர்ட். ஒரு பக்கத்தில் இரண்டுக்கு இரண்டு. டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) அதிகபட்சம் மூன்று. தடுப்பவர்களுக்கு நீங்கள் காதில் "டிராப்" அல்லது "மாத்து" என்று சொல்லுங்கள், தாக்குகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆறு முறை ஆடியதும் பக்கம் மாற்றுங்கள். அது ஓடத் தொடங்கியதும் பந்தில்லாப் பக்க மூலையில் ஒரு ஆளும் அவருக்கு ஒரு தடுப்பாளரும் சேர்த்து மூன்றுக்கு மூன்று. அந்த மூலைத் தடுப்பாளர்தான் "இடி, திரும்பு" வேலையைச் செய்கிறவர். அவர் உள்ளே வந்தால் பந்து மூலைக்கு, வராவிட்டால் ரோல் ஆகிறவருக்கு.

எங்கே கெடும் என்றால் பெரும்பாலும் இந்த இடங்களில். பந்துக்காரர் ஸ்கிரீனை உரசாமல் கையளவு தள்ளிப் போவார், அந்த இடைவெளியில் தடுப்பாளர் நுழைந்து வந்துவிடுவார். பந்துக்காரரின் தோள் ஸ்கிரீன் வைத்தவரின் இடுப்பைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஸ்கிரீன் வைத்தவரின் முதுகு, பந்து எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். ரோல் ஆகும்போது பந்துக்கு முதுகைக் காட்டிச் சுற்றினால் பாஸ் தலையில் விழும். பந்து கண்ணில் இருக்கிற மாதிரி திறந்து திரும்ப வேண்டும். உள்ளே போகிற பாஸ் தரையில் பட்டுப் போகட்டும், இருவருக்கும் இடையே உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டி.

---

தொண்டி விசில் எழுதியது:

இதில் நடுவர் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் வைக்கிறவர் மோதும்போது அசையாமல் நிற்க வேண்டும், இரண்டு காலும் தரையில். நின்றிருக்கும் எதிராளியின் கண்ணுக்கு எதிரே வைத்தால் தொடாத அளவுக்கு நெருக்கமாக வைக்கலாம். அவர் பார்வைக்கு வெளியே, முதுகுப் பக்கம் வைத்தால் ஒரு சாதாரண அடி இடம் விட வேண்டும். எதிராளி ஓடிக்கொண்டிருந்தால் நிற்கவோ திசை மாற்றவோ ஒன்று அல்லது இரண்டு அடி தூரம் கொடுக்க வேண்டும். வீடியோவில் பார்க்கிற பல ஸ்கிரீன்களில் இடுப்பை வெளியே தள்ளியிருப்பார்கள், கண்ணில் பட்டால் அது ஃபவுல். முற்றுப்புள்ளி விசையைத் தட்டி அந்த இடுப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

டிராவல் (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடுதல் அடி வைக்கும் தவறு) பற்றியும் சண்டை வரும். ஓடிக்கொண்டே பந்தைக் கையகப்படுத்தும் கணத்தில் தரையில் இருக்கிற கால் கணக்கில் இல்லை. அதன் பிறகு இரண்டு அடி. ஃபிபா 2017-இல் இதை விதியாக்கியது. ஆனால் நின்ற நிலையிலிருந்து டிரிபிள் தொடங்கும்போது இந்தச் சலுகை கிடையாது. ஊன்றுகால் தரையை விட்டு எழும்புவதற்கு முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பள்ளிப் போட்டிகளில் விழுகிற டிராவல் விசிலில் பெரும்பகுதி இந்தத் தொடக்க அடிக்குத்தான்.

---

கீழக்கரை பாயிண்ட் எழுதியது:

புள்ளிவிவரம் கோர்ட்டுக்கு வேணாம்னு சொன்னேன்ல, ஒண்ணே ஒண்ணு மட்டும் பிள்ளைங்களுக்குத் தெரியணும். அந்தச் சேனல்கள்ல எஃபெக்டிவ் ஃபீல்டு கோல்னு அடிக்கடி வரும். த்ரீக்கு ஒன்றரை மடங்கு மதிப்புக் கொடுத்துப் போடுற சராசரி. விழுந்த ஷாட் எண்ணிக்கையோட, விழுந்த த்ரீயில பாதியைக் கூட்டி, மொத்த முயற்சியால வகுக்கணும்.

20 த்ரீ போட்டு 7 விழுந்தா, 7-ம் மூன்றரையும் பத்தரை. 20-ஆல வகுத்தா 52.5 சதவீதம். 20 டூ போட்டு 10 விழுந்தா 50 தான். அதனாலதான் அங்கே த்ரீ மழையா போடுறாங்க. ஆனா நம்ம பிள்ளைக்கு 20-ல 4 தான் விழும்னா 12 புள்ளி. அதே 20 முயற்சியை லே-அப்பாவும் பக்கத்து ஷாட்டாவும் போட்டுப் பாதி விழுந்தா 20 புள்ளி. மாஸ்டர், ரெண்டு வாரம் யாராவது ஒரு பிள்ளையைப் பென்சிலோட உக்கார வைங்க. ஒவ்வொருத்தரும் எங்கிருந்து போட்டாங்க, விழுந்துச்சா இல்லையா, அவ்வளவுதான். அந்தத் தாளைக் காட்டினா பின்வாங்கி த்ரீ போடுற ஆசை தானா அடங்கும்.

---

ஏர்வாடி ரிபவுண்ட் எழுதியது:

எந்தச் சேனலும் சொல்லாத ஒன்று இருக்கிறது: காற்று. அவர்கள் உள்ளரங்கில் ஆடுகிறார்கள். நம் கரையில் கச்சான் காற்று (மேல்காற்று) பிடித்துவிட்டால் மாலை நேரத்தில் 6 மீட்டர் எறிவு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தடைக்காலம் முடிகிற ஜூனில் அது நன்றாகவே பிடித்திருக்கும்.

அதனால் வீடியோவில் பார்த்ததைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். தூர எறிவுப் பயிற்சியைக் காலை 6 முதல் 7-க்குள் வையுங்கள். மாலையில் 3 மீட்டருக்குள், 45 பாகைக் கோணத்தில் நின்று போர்டில் பட்டு விழுகிற எறிவு. போர்டில் உள்ள சின்னச் செவ்வகத்தின் மேல் மூலைதான் குறி. தலைக்கு மேலே வளைத்துப் போடும் பாஸைத் தவிர்த்து, மார்புப் பாஸ் அல்லது தரையில் பட்டுப் போகும் பாஸ். நீளப் பாஸ் போட வேண்டுமானால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறவருக்குப் போடாதீர்கள், பந்து நடுவழியில் நிற்கும்.

ஆடுவதற்கு முன் கோர்ட்டைப் பெருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மணல்தான் கணுக்காலைத் திருப்புகிறது. கழுவினால் நல்ல தண்ணீர், முழுக்கக் காய்ந்த பிறகு ஆட்டம். கடல் தண்ணீர் கூடவே கூடாது, உப்புப் படிந்து கோட்டுச் சாயத்தையும் கம்பத்தின் அடியையும் தின்றுவிடும். ரிங்கைப் போர்டோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை மாதம் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் வெளியே சாயம் நன்றாக இருக்கும், உள்ளே துரு ஓடியிருக்கும். இரும்புச் சங்கிலி வலைக்குப் பதில் நைலான் வலை போடுங்கள். ரிங் உயரம் 3.05 மீட்டர் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள், மணல் தரையில் கம்பம் இறங்கும்.

பந்துக்கு எளிய சோதனை: அடிப்பகுதி 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விட்டால், மேற்பகுதி 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் எழும்ப வேண்டும். அதற்குக் கீழே என்றால் காற்று குறைவு. வீடியோவில் பார்த்த டிரிபிளைப் பிள்ளை செய்ய முடியாமல் திணறினால் முதலில் பந்தைச் சந்தேகியுங்கள்.

---

பெரியபட்டினம் கேமரா எழுதியது:

எல்லாரும் வேற்றூர் சேனலையே சொல்கிறீர்கள். பிள்ளைகளின் ஆட்டத்தையே எடுத்துத் தமிழில் விளக்கம் பேசினால் அதைவிடப் பாடம் வேறில்லை. செலவும் இல்லை. இப்படிச் செய்யலாம்.

போனை நடுக்கோட்டுக்கு நேராக, 3 முதல் 4 மீட்டர் உயரத்தில் வையுங்கள். பக்கத்துக் கட்டட மாடிச் சுவர் இருந்தால் உத்தமம். தரையில் நின்று எடுத்தால் முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரை மறைப்பார், இடைவெளியே தெரியாது. போன் படுக்கைவாட்டில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். மாலையில் எடுப்பதென்றால் மேற்குப் பக்கம் நின்று கிழக்கே பார்த்து எடுங்கள். 28 மீட்டர் கோர்ட் முழுக்கச் சட்டத்துக்குள் வராவிட்டால் அரைக் கோர்ட் ஆட்டத்தை எடுங்கள், பந்தைத் துரத்திப் போனை ஆட்டாதீர்கள்.

1080-இல் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 எம்.பி. பிடிக்கும். 10 நிமிடக் கால்பகுதி ஒன்று இடைநிறுத்தங்களோடு 20 நிமிடம் ஓடும், ஆக 2 ஜி.பி. இடம் காலி செய்துவிட்டு வாருங்கள். விமானப் பயன்முறையில் போடாவிட்டால் அழைப்பு வந்து பதிவு நிற்கும்.

விளக்கத்தைக் கோர்ட்டில் நின்று பேசாதீர்கள். காற்று மைக்கில் இரைந்து ஒன்றும் கேட்காது. வகுப்பறையில் கதவைச் சாத்தி, இயர்போன் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பிறகு பேசிச் சேருங்கள். ஒரு வீடியோவில் ஒரே விஷயம், 90 விநாடி. பாஸுக்கு முன் படத்தை 3 விநாடி உறையவைத்து ஒரு அம்புக்குறி. கைன்மாஸ்டர் போன்ற செயலி போதும்.

வெளியே போடுவதாக இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அல்லது இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி பட்டியலிடாமல் வையுங்கள். என்.பி.ஏ. துண்டுகளைச் சேர்க்கவே வேண்டாம், உரிமைக் கோரிக்கை வந்து வீடியோ முடங்கும்.

பேசுகிற விதம் பற்றி ஒன்று: பிள்ளையின் பெயரைச் சொல்லித் தவறைச் சொல்லாதீர்கள். "மூலையில் நிற்பவர்", "ஸ்கிரீன் வைத்தவர்" என்று இடத்தைச் சொல்லிப் பேசுங்கள். பிறகு அந்த இடத்தில் யார் நின்றாலும் பாடம் பொருந்தும்.

---

மண்டபம் பி.டி. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்படி வைத்துக்கொள்கிறேன். திங்கள், வியாழன்: திங்கிங் பேஸ்கட்பாலில் ஐந்து துண்டு, ஒலியில்லாமல், 8 நிமிடம், உடனே இரண்டுக்கு இரண்டு. செவ்வாய் கால் வைப்புக்கு கோச் நிக், ஒரே துண்டு. வெள்ளி மாலை அரைக் கோர்ட் ஆட்டம் பதிவு, சனி காலை அதில் 90 விநாடி விளக்கம், அதைப் பிள்ளைகளே பேசட்டும். ஞாயிறு யாரிடம் டேட்டா இருக்கிறதோ அவர்கள் ஃபிபா ஆட்டம் ஒரு கால்பகுதி பார்த்து, அந்த வாரம் படித்தது எத்தனை முறை வந்தது என்று எண்ணி வர வேண்டும். தூர எறிவு காலையில் மட்டும். நாளைக்குக் கோட்டை அளக்கிறேன். 6.75 எங்கிருந்து அளக்க வேண்டும், போர்டிலிருந்தா?

---

தொண்டி விசில் எழுதியது:

போர்டிலிருந்து இல்லை. ரிங்கின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து வளைவின் வெளி விளிம்பு வரை. தூக்குக்குண்டு கட்டி இறக்கினால் புள்ளி சரியாக விழும், ஆனால் காற்றில்லாத நேரத்தில் செய்யுங்கள். அந்தப் புள்ளி எல்லைக்கோட்டின் உள் விளிம்பிலிருந்து 1.575 மீட்டரில் இருக்க வேண்டும். மூலையில் நேர்கோடு பக்கக் கோட்டின் உள் விளிம்பிலிருந்து 0.90 மீட்டர். ஃப்ரீ த்ரோ கோட்டின் தூர விளிம்பு எல்லைக்கோட்டின் உள் விளிம்பிலிருந்து 5.80. கோடு ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் அகலம். முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு வாரம் ஆடிப் பாருங்கள், அப்புறம் பெயிண்ட்.